வீடு காட்டப் போகும் முன் பத்து நாள் வேலை

பந்தல், வாடகைப் பாத்திரத் தொழிலில் பதினாறு வருஷம் இருந்துவிட்டுத்தான் நான் வீட்டுத் தரகுக்கு வந்தேன். காட்பாடி பக்கம் சின்னச் சின்ன மண்டபங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளே நுழைவோம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் சிமெண்ட் தரையுமாகக் கிடக்கும். விடியற்காலை நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது அது கல்யாண வீடாக இருக்கும். துணியை எங்கே கட்டுவது, விளக்கை எங்கே வைக்கக் கூடாது, நாற்காலியை எத்தனை அடி தள்ளிப் போட்டால் ஜனம் தாராளமாக நடக்கும் என்பதெல்லாம் கைக்குப் பழக்கம். அப்படிப்பட்ட நானே தரகுக்கு வந்த புதிதில் அறுபது லட்ச ரூபாய் வீட்டின் பூட்டைத் திறந்து, ஒட்டடையைக் கையால் விலக்கிக்கொண்டு, "உள்ள வாங்க சார், பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தேன். பழைய தொழிலைப் புதுத் தொழிலில் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றவே நாலு வருஷம் ஆனது.

தோன்றவைத்தது வேலூர் சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் ஒரு வீடு. 1,200 சதுர அடி மனை, கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, மாடியில் ஒரு அறை. ரிட்டையர்டு டீச்சரம்மா ஒருவருடையது. கணவர் காலமாகிவிட்டார், மகள் பெங்களூருக்குக் கூப்பிடுகிறாள். பத்திரத்தில் குறையில்லை, விலையும் அந்தத் தெருவுக்குச் சரியான விலைதான். ஆனால் ஏழு மாதத்தில் பத்தொன்பது பார்ட்டியைக் கூட்டிப்போனேன். எல்லோரும் "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். யாரும் சொல்லவில்லை.

இருபதாவதாக வந்தவர் ஒரு நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து கணவரோடு நேராக வந்திருந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நானாகவே கேட்டேன்: "உண்மையைச் சொல்லும்மா, எது பிடிக்கல?" அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "வீடு நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா உள்ள போனதுல இருந்து, இன்னொருத்தங்க வீட்டுக்குள்ள கேக்காம நுழைஞ்ச மாதிரியே இருக்கு. எப்ப வெளிய வருவோம்னு ஆயிடுச்சு."

அன்று சாயந்திரம் நான் தனியாகத் திரும்பிப் போய் அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். மாலை போட்ட படம், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு காலண்டர், டீச்சரம்மா வாங்கிய ஷீல்டுகள், மருந்து டப்பாக்கள், சோபாவின் மேல் போர்த்திய பழைய புடவை. நாற்பது வருஷ வாழ்க்கை அங்கே இருந்தது. வாங்க வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையை எங்கே கொண்டுவந்து வைப்பார்கள்? இடமே இல்லை.

விற்கும் வீட்டை ஒருங்கு செய்வது என்று நான் சொல்வது இதைத்தான். அலங்காரம் அதில் கால் பங்கு. முக்கால் பங்கு, இருப்பவருடைய வாழ்க்கையைப் பத்திரமாக ஒதுக்கி, வரப்போகிறவருக்கு இடம் விடுவது.

இதற்கு வெளிநாட்டில் ஹோம் ஸ்டேஜிங் என்று பெயர். அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்தில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி 1972-ல் விற்பனைக்கு வந்த வீட்டை நாடக மேடை போலத் தயார் செய்து காட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பெயர் புழங்குகிறது என்பார்கள். அங்கே தேசிய அளவில் இருக்கும் வீட்டு முகவர்கள் சங்கம் 2023-ல் கேட்டபோது, வாங்குபவர் பக்கம் வேலை செய்யும் முகவர்களில் 81 சதவீதம் பேர், இப்படித் தயார் செய்த வீட்டைத் தன் வீடாக நினைத்துப் பார்ப்பது வாங்குபவருக்குச் சுலபம் என்றார்கள். ஹால்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்றும் சொன்னார்கள். இது முகவர்கள் சொன்ன கருத்து, தராசில் நிறுத்த கணக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இதற்கென்றே சோபா, கட்டில் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. வேலூர்த் தரகர்களான நமக்கு வாடகைப் பாத்திரக் கடையும், இரண்டு கூலி ஆளும், பத்து நாளும் போதும்.

முதலில், யாருக்குக் காட்டுகிறோம்

நம் ஊரில் வீடு வாங்க வருகிறவர்களைப் பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள், வி.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இருப்பவர்கள், கம்மவான்பேட்டை பக்கத்து ராணுவக் குடும்பங்கள், சித்தூரிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக இறங்கி வருகிறவர்கள். பாதிப் பேர் பேங்க் லோன். தமிழ்நாட்டில் 2023 ஜூலையிலிருந்து பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 56 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் ஐந்து லட்சத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். அதை லோனில் சேர்த்துத் தரமாட்டார்கள், கைக்காசு. அதற்குப் பிறகு பெயிண்ட், பிளம்பிங் என்று அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால்தான் சுவரில் ஒரு கறையைப் பார்த்ததும் வாங்குபவர் மனது இரண்டாயிரம் ரூபாய் வேலைக்கு ஐம்பதாயிரம் கணக்குப் போடுகிறது. "குடி வரும்போது செலவு இருக்கு" என்று அவர் விலையில் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்பது பேராசையில்லை, பயம். அந்தப் பயத்தை விற்பவர் கொஞ்சம் செலவு செய்து முன்கூட்டியே எடுத்துவிட்டால், குறைத்துக் கேட்க வாய் வராது. இதை விற்பவரிடம் இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பொருளைக் கழிப்பது

இதுதான் கஷ்டமான வேலை. பொருளைத் தூக்குவதற்கு ஆள் போதும். உரியவர் மனதைத் தூக்குவதற்கு நீங்கள்தான் போக வேண்டும்.

டீச்சரம்மாவிடம் நான் முதலில் தப்பாகப் பேசினேன். "இதெல்லாம் எடுத்துட்டா வீடு விலை போகும்மா" என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, நான் இங்க இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. மறுநாள் போய், காபி குடித்து, அரை மணி நேரம் அவர் கணவரைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பிறகு சொன்னேன்: "பெங்களூருக்குக் கொண்டுபோறதை இப்பவே கட்ட ஆரம்பிக்கலாம்மா. ஐயா படத்தை முதல்ல நீங்களே உங்க கையால எடுத்து வையுங்க. அவரும் உங்களோட வர்றதுக்குத் தயாராகட்டும்." அவரே ஸ்டூல் போட்டு ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். படத்தைத் துடைத்து, பட்டுத் துணியில் சுற்றி, துணிப்பெட்டியில் மேலாக வைத்தார். அதன் பிறகு வேலை தானாக நடந்தது.

ஆகவே, விற்பவரிடம் "எடுங்க" என்று சொல்லாதீர்கள். "கட்ட ஆரம்பிக்கலாம்" என்று சொல்லுங்கள். எப்படியும் அவர் கட்டத்தானே போகிறார், அதைப் பத்திரத்துக்கு முன்பே செய்கிறார், அவ்வளவுதான்.

வீட்டுப் பொருளை மூன்றாகப் பிரிப்பேன். கூட வருவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, பழைய இரும்புக் கடைக்குப் போவது. முதல் வகையை அட்டைப்பெட்டியில் போட்டு மாடி அறையில் ஒரே சுவர் ஓரமாக அடுக்கிவிடலாம். லாஃப்டைப் பாதியாவது காலி செய்ய வேண்டும். வருகிற பெண்கள் நிமிர்ந்து லாஃப்டைப் பார்ப்பார்கள். அண்டா, குண்டான், பிளாஸ்டிக் குடம் எல்லாம் பிதுங்கிக்கொண்டிருந்தால் "சாமான் வைக்க இடம் போதாத வீடு" என்று முடிவாகிவிடும். பாதி காலியாக இருந்தால் அதே லாஃப்ட் தாராளமாகத் தெரியும். கட்டிலுக்கு அடியிலும் அப்படித்தான்.

காலண்டர்கள் ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளைப் பட்டி போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

பூஜை அறையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூரில் வாங்க வருகிறவர் எந்த மதமாகவும் இருப்பார். அதற்காகக் குடியிருப்பவரின் சாமி படங்களை எடுக்கச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, காய்ந்த பூவை எடுத்து, படங்களை ஒரே வரிசையாக வைத்தால் யார் கண்ணுக்கும் மரியாதையாகத் தெரியும். ஆனால் குடும்பம் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் சாமி படத்தையோ இறந்தவர் படத்தையோ விட்டுவைக்கவே கூடாது. கைவிட்டுப் போன வீடு என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணத்தை எந்தப் பெயிண்டாலும் மூட முடியாது.

தண்ணீர், உப்பு, ஓதம்

நம் ஊர்த் தண்ணீர் பாத்ரூமில் எழுதிவைத்துவிட்டுப் போகும். குழாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, டைல்ஸில் மங்கல், ஷவர் ஓட்டைகளில் பாதி அடைப்பு. போர் தண்ணீரின் உப்புத்தான் காரணம். வழக்கமாக ஒரு ஆளைக் கூப்பிட்டால் கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார். உடனே பளிச்சென்று ஆகும், ஆனால் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் குழாயின் நிக்கல் பூச்சையும் அது தின்றுவிடும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்து, குழாய் மேல் ஒரு மணி நேரம் சுற்றிவைத்தால் பொருக்கு தானாக இளகும். மொசைக் தரையிலும் மார்பிளிலும் எந்தப் புளிப்பும் படக் கூடாது, பளபளப்பு போய்விடும். இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் புகை கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும். வேலைக்கு வரும் பையன்களிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

சொட்டும் குழாய், கிறீச்சிடும் கீல், சரியாகச் சாத்தாத தாழ்ப்பாள், எரியாத சுவிட்ச். ஒரு பிளம்பரும் எலெக்ட்ரிஷியனும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். இதில் நான் நீட்டப்போவதில்லை.

தண்ணீர் எப்படி என்று கேட்காமல் வேலூரில் யாரும் வீடு வாங்குவதில்லை. வாயால் "நல்ல தண்ணி சார்" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில், கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு டம்ளரில் பிடித்து அவர் எதிரிலேயே அளந்து காட்டுகிறேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. போர் தண்ணீர் 1,400 காட்டினால் காட்டட்டும். "புழங்க இது, குடிக்க அது" என்று பிரித்துச் சொன்னால் நம் ஊர்க்காரர் ஏற்றுக்கொள்வார். மறைத்தால்தான் ஏற்கமாட்டார்.

ஓதத்துக்கு வருகிறேன். இதில் நான் ஒரு முறை தப்பு செய்தேன். தோட்டப்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் கீழ்ச்சுவர் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விற்பவர் ஆள் வைத்துச் சுரண்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து மூடினார். எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. ஐப்பசி மழையில் சுவர் முழுக்கப் பொரிந்து கொட்டியது. வாங்கியவர் கூச்சல் போடவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார், பேசாமல் நின்றார். பழுது பார்க்க ஆன 22,000 ரூபாயை நான் கொடுத்தேன். ஆனாலும் அவர் தெருவில் அடுத்த மூன்று வருஷம் எனக்கு ஒரு வீடு வரவில்லை, அது நியாயம்தான்.

அன்றிலிருந்து என் விதி ஒன்றே. அழுக்கை எடுக்கலாம், குறையை மூடக் கூடாது. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். தரையிலிருந்து ஏறினால் சுவரின் அடியில் பட்டை போலத் தெரியும். மாடித் தளத்திலிருந்து இறங்கினால் சீலிங் மூலையில் வட்டமாகத் தெரியும். பாத்ரூமின் மறுபக்கச் சுவரில் மட்டும் இருந்தால் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்கு. காரணத்தைச் சரி செய்து, சுவர் நன்றாக உலர்ந்த பிறகுதான் பெயிண்ட். செய்த வேலையின் பில்லைப் பத்திர நகலோடு வையுங்கள். சரி செய்யக் காசு இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டு, கொத்தனாரிடம் எழுதி வாங்கிய மதிப்பீட்டைக் காட்டி, விலையில் பேசிக்கொள்ளலாம். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததிலிருந்து, ஆற்றுப் பக்கத்து வீடு என்றால் "தண்ணி ஏறுச்சா?" என்று கேட்கிறார்கள். ஏறியிருந்தால் எத்தனை படி வரை என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

வெயில், வெளிச்சம், வாசனை

வேலூர் வெயிலை யாரும் மறைக்க முடியாது. மாடித் தளம் நேராகத் தலைக்கு மேல் இருக்கும் வீடு என்றால் தளத்துக்கு வெள்ளை அடிப்பது நான் முதலில் கேட்கும் செலவு. வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்ட் வாங்க முடியாதவர்கள் சுண்ணாம்பு அடித்தாலே கீழே அறையில் வித்தியாசம் தெரியும். அடிப்பதற்கு முன்னால் தளத்தில் கிடக்கும் உடைந்த தொட்டி, பழைய டிஷ் ஆன்டெனா, காய்ந்த துளசிச் சட்டி எல்லாம் கீழே இறங்க வேண்டும். தண்ணீர் வழிந்து போகும் ஓட்டையில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வாங்குபவரை மாடிக்குக் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். சத்துவாச்சாரி வீட்டு மாடியிலிருந்து மலை தெரியும். ஏழு மாதமாக நான் யாரையும் மேலே ஏற்றியதே இல்லை.

உள்ளே பெயிண்டுக்கு ஒரே நிறம், மங்கின வெள்ளை அல்லது வெளிர் சந்தனம். ஹாலில் பச்சை, அறையில் ரோஸ், இன்னொரு அறையில் ஊதா என்று இருந்தால் வீடு துண்டு துண்டாகத் தெரியும். ஒரே நிறம் ஓடினால் ஹாலும் அறையும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். பந்தல் தொழிலில் இது பாலபாடம். சின்ன மண்டபத்துக்குப் பல நிறத் துணி கட்டவே மாட்டோம்.

ஜன்னல் கொசுவலையைக் கழற்றிக் கழுவுங்கள். வேலூர்ப் புழுதி படிந்த வலை, பகலிலேயே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு அறையில் வெள்ளை விளக்கும் அடுத்த அறையில் மஞ்சள் விளக்கும் இல்லாமல் எல்லாம் ஒரே மாதிரி பல்பாக மாற்றுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாக்கடை வாடை வந்தால், குழாய் உடைந்துவிட்டது என்று பதறவேண்டாம். பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில், ஜாலிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் அமைப்பு இருக்கும். அந்தத் தண்ணீர்தான் கீழிருந்து வரும் வாடையை அடைக்கிறது. புழங்காத வீட்டில் கோடையில் சில நாளில் அது வற்றிவிடும். ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் வாடை நின்றுவிடும். நான் இதைக் கற்றுக்கொள்வதற்குள் நல்ல வீடுகள் இரண்டு மூன்றின் வியாபாரம் இந்த வாடையால் போயிருக்கிறது. ரூம் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வாசனை தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். முந்தின நாள் ஜன்னலெல்லாம் திறந்து வைத்தாலே போதும்.

காலி வீடு, சாமான் உள்ள வீடு

காலி அறை பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறோம். நேர் எதிர். அளவுக்கு ஒரு பொருள் இல்லாததால் கண்ணுக்குக் கணக்குப் பிடிபடாது, பத்துக்குப் பதினொன்று அறையைப் பார்த்து "கட்டில் போட்டா நடக்க முடியாது" என்பார்கள். ஒரு கட்டில், ஒரு மெத்தை, வெள்ளை விரிப்பு. வாடகைக்கு எடுத்துப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் தரையில் ஆறடிக்கு ஆறரையடி கட்டில் அளவுக்குக் காகித ஒட்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். "கட்டில் இங்க, பீரோ அங்க, நடுவுல இவ்வளவு இடம்" என்று டேப்பே பேசும். பீரோ கதவு திறக்கும் தூரத்தையும் ஒட்டுங்கள். அளந்து பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சாமான் உள்ள வீட்டில் ஹாலிலிருந்து ஒரு சோபாவை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான வீட்டில் ஒன்று கூடுதலாக இருக்கும். வாசலிலிருந்து பார்க்கும்போது எதிர்ச் சுவர் வரை கண் தடையில்லாமல் போகிறதா என்பதுதான் கேள்வி.

சமையலறையில் மேடைமேல் அடுப்பும் ஒரு மிக்சியும் மட்டும் இருக்கட்டும். கிரைண்டர் வைக்கும் இடம், ஃபிரிட்ஜ் வைக்கும் இடம், சிலிண்டர் இடம், பிளக் பாயிண்ட், இந்த நாலையும் அந்த வீட்டுப் பெண் தேடுவார். தேடவிடாமல் தெரியும்படி வையுங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவையும் திறந்து பார்ப்பார்கள். அங்கே உலர்வாக இருக்க வேண்டும். வீடு வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் இந்த அறையில் முடிவாகிறது. வீட்டுக்காரர் ஹாலில் என்னிடம் சர்வே நம்பர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே அவர் மனைவி தீர்மானித்துவிட்டிருப்பார்.

வாசலுக்கு வந்தால், கேட்டுக்கு எண்ணெய், தெருப்பக்கம் களை பிடுங்கல், காலையில் ஒரு கோலம். கரிகிரியில் செய்யும் மண்சாடி ஒன்றில் ஒரு செடி வைத்தால் போதும். பிளாஸ்டிக் பூ வேண்டாம்.

இடிக்கத்தான் வாங்குகிறார்கள் என்று தெரிந்த பழைய வீட்டுக்கு இவ்வளவும் வேண்டாம். கொசப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருவில் மனைக்காகப் போகும் வீடு என்றால், குப்பையை எடுத்து, நாலு பக்க அளவையும் எல்லையில் சுண்ணாம்பால் குறித்தால் வேலை முடிந்தது. மீதிக் காசை விற்பவருக்கு மிச்சம் பிடியுங்கள்.

படம், நாள், நேரம்

படத்தைக் காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில் எடுங்கள். மொபைலைப் படுக்கைவாட்டில் பிடித்து, நெஞ்சு உயரத்தில், அறையின் மூலையில் நின்று. விளக்குகள் எரியட்டும். பன்னிரண்டு படம் போதும், முதல் படம் ஹால். அறையை இழுத்து அகலமாக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டாம். நேரில் வந்ததும் ஏமாந்த முகத்தோடு நிற்பார்கள். காலி அறைப் படத்தில் சோபாவும் கட்டிலும் போட்டுக் கொடுக்கும் ஆப்கள் இப்போது வந்துவிட்டன. போட்டால் "இது கம்ப்யூட்டரில் போட்டது" என்று படத்தின் மேலேயே எழுதி, காலி அறைப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். அந்த மாதங்களில் நான் உட்கார்ந்திருப்பதில்லை. பெயிண்ட், பழுது, பொருள் கட்டுவது எல்லாம் அப்போதுதான். ஆவணி பிறக்கும்போதும் தை பிறக்கும்போதும் வீடு தயாராக நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிடிக்கும், சாயந்திரம் நாலரைக்கு ராகுகாலம். நம்புகிறவர், நம்பாதவர் என்று நான் பிரிப்பதில்லை, காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் காட்டி முடித்துவிடுவேன். சித்திரை வெயிலிலும் அந்த நேரம்தான். சாயந்திரம் குளிர்ந்த பிறகு காட்டி விற்ற வீட்டை, வாங்கியவர் அடுத்த நாள் மத்தியானமே வந்து தொட்டுப் பார்ப்பார்.

வீட்டுக்காரரை அந்த இரண்டு மணி நேரம் கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். அவர் இருந்தால் வந்தவர்கள் அலமாரியைத் திறக்கமாட்டார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். நீங்களும் அறை அறையாகப் பின்னால் போகாதீர்கள். வாசலில் நில்லுங்கள். ஹாலில் நாலு நாற்காலி, ஒரு செம்பில் தண்ணீர். உட்கார்ந்தார்கள் என்றால் பாதி வியாபாரம் ஆன மாதிரி.

மேஜைமேல் ஒரு ஃபைல்: மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாக நகல், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அப்ரூவல், வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீது, கடைசி ஈ.பி. பில், செய்த பழுது வேலைகளின் பில். ஜெராக்ஸ் மட்டும், ஒரிஜினல் ஒருபோதும் வேண்டாம். சுத்தமான ஹாலைவிட இந்த ஃபைலைப் பார்த்துத் தெளிந்த முகங்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காசுக் கணக்கு

டீச்சரம்மா வீட்டுக்கு ஆனது இது. ஹாலும் இரண்டு அறையும் பெயிண்ட் 21,000. பிளம்பர், எலெக்ட்ரிஷியன் 2,800. பாத்ரூம் சுத்தம் 1,500. இரண்டு பையன்கள் இரண்டு நாள் 3,200. பல்பு, கொசுவலை 2,400. விரிப்பு, திரைச்சீலை 1,900. மொத்தம் 32,800. முன்னே யாராவது விலை பேசினால் 52 லட்சத்துக்கு மேல் வாய் திறந்ததில்லை. தை இரண்டாவது ஞாயிறு வந்தவர்கள் 56½ லட்சத்துக்கு முடித்தார்கள். தை மாதம் என்பதும் அதில் சேர்த்தி, எல்லாம் பெயிண்டால் ஆனது என்று நான் சொல்லமாட்டேன். விலையே தப்பாக, தெருவில் போகும் விலையைவிடப் பத்து லட்சம் கூடுதலாக வைத்திருந்தால் இந்த வேலை எதுவும் காப்பாற்றாது. அதை முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

செலவு விற்பவருடையது. கையில் இல்லையென்றால் கூலியை மட்டும் நான் போட்டு, அட்வான்ஸ் வரும் நாளில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். என் கமிஷன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதவீதம், அதில் மாற்றமில்லை. பெயிண்டரிடமோ ஹார்டுவேர் கடையிலோ தனியாக ஒரு ரூபாய் வாங்குவதில்லை. வாங்கினால், அவசியமில்லாத வேலையையும் அவசியம் என்று சொல்லத் தோன்றும்.

அட்வான்ஸ் வந்ததும் வேலை முடிந்தது என்று சாவியை ஆணியில் மாட்டிவிடாதீர்கள். பேங்க் லோன் என்றால் பத்திரம் ஆக இரண்டு மூன்று மாதம் ஓடும். நடுவில் பேங்க் இன்ஜினியர் வருவார், வாங்கியவரின் மாமியார் வருவார், வாஸ்து பார்க்க ஒருவர் வருவார். வாரம் ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, தளத்து ஓட்டையில் இலையை எடுத்து, பாத்ரூம் ஜாலி ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள்.